மகரக்கட்டுக்குப் பிறகு: குழந்தை நட்சத்திரம் கமல்ஹாசன் படைப்பாளியான பாதை

கேட்கப்பட்ட கேள்வி இது: "கமல்ஹாசன் ஐந்து வயதிலேயே நடிக்க வந்தவர். படப்பிடிப்புத் தளத்தில் வளர்ந்ததால்தான் பிற்காலத்தில் கதை எழுதவும் படம் இயக்கவும் அவரால் முடிந்ததா? அப்படியென்றால் மற்றக் குழந்தை நட்சத்திரங்களில் பெரும்பாலோர் ஏன் அந்தப் பக்கம் வரவில்லை?"

கேள்வியின் இரண்டாம் பகுதியே முதல் பகுதிக்கு விடையாகிவிடுகிறது. தளத்தில் வளர்ந்தது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், தமிழ் சினிமாவில் இயக்குநர்களுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பத்துப் பதினைந்து சிறுவர் சிறுமியர் அந்தத் தளங்களில் வளர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். கமல்ஹாசனைப் படைப்பாளியாக்கியது அவர் குழந்தையாக நடித்த மூன்று நான்கு வருடங்களைவிட, 1963-க்கும் 1973-க்கும் இடையே கதாநாயகனாகவும் இல்லாமல் குழந்தையாகவும் இல்லாமல் அவர் கழித்த பத்து வருடங்கள்தான் என்பது என் கருத்து. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பத்து வருடங்களை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள் என்பதால் இங்கே அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

முதலில் குழந்தைப் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1954 நவம்பர் 7 அன்று பரமக்குடியில் ஒரு வழக்கறிஞர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர், குடும்ப நண்பரான மருத்துவர் ஒருவர் மூலமாக திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் வீட்டுக்கு அறிமுகமாகி, 1960-ல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்தார். டி. பிரகாஷ் ராவ் தொடங்கி, ஏ. பீம்சிங் முடித்த படம் அது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் பெற்றோர். அவர்கள் இன்னார் என்று தெரியாமலே அநாதை இல்லத்தில் வளரும் பிள்ளை கமல். 'அம்மாவும் நீயே அப்பாவும் நீயே' என்று அந்தப் பிள்ளை பாடுகிறபோது ஒலிப்பது எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரல். இந்தக் குரல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். அதைத் தொடர்ந்து 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை', மலையாளத்தில் கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'கண்ணும் கரளும்' (மூன்றும் 1962), அடுத்த வருடம் 'வானம்பாடி', எம்.ஜி.ஆருடன் 'ஆனந்த ஜோதி' என்று வரிசையாக வந்து, அத்தோடு நின்றுபோயிற்று. அப்போது அவருக்கு வயது எட்டு.

நின்றுபோனதில் வியப்பில்லை. திரையில் குழந்தைக்கு இருக்கும் மதிப்பு அதன் உயரத்தோடும் மழலையோடும் முடிந்துவிடுகிறது. சினிமாவுக்கு முன்பே இதை நன்றாக அறிந்திருந்தவர்கள் நாடகக்காரர்கள். பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில், பையனின் தொண்டை உடைந்து குரல் மாறும் பருவத்தை 'மகரக்கட்டு' என்பார்கள். அதுவரை ராஜபார்ட்டாகவோ (கதாநாயக வேடம்) ஸ்திரீபார்ட்டாகவோ (பெண் வேடம்) சபையை ஆண்ட பையன், மகரக்கட்டு வந்த மறுநாள் திரைச்சீலை இழுக்கிறவனாக ஆகிவிடக்கூடும். அந்தப் பருவத்தைத் தாண்டியும் நாடகத்தில் நிலைத்தவர்கள், பாட்டும் வசனமும் மட்டும் போதாது என்று உணர்ந்து, ஒப்பனை, காட்சி அமைப்பு, பாடம் சொல்லிக் கொடுத்தல், கம்பெனி நிர்வாகம் என்று மேடையின் பின்பக்கத்தையும் கற்றுக்கொண்டவர்கள்.

அப்படி நிலைத்தவர்களில் முதன்மையானவர் டி.கே. சண்முகம். 1918-ல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைக் கொண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தம் சகோதரர்களோடு சிறுவனாகச் சேர்ந்து, பின்னாளில் டி.கே.எஸ். நாடக சபையை நடத்தி, ஒளவையார் வேடத்தால் 'ஒளவை' சண்முகம் என்றே பெயர் பெற்றவர். சினிமா வாய்ப்புகள் ஓய்ந்த சிறுவன் கமல் சென்று சேர்ந்தது இவருடைய நாடகக் குழுவில்தான். சிறுவயது நடிகன் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைத்திருக்க முடியாது. குழந்தை நடிகனாக இருந்து முதிர்ந்த கலைஞனாக மாறுவது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டில் அன்று உயிரோடிருந்த சிறந்த எடுத்துக்காட்டு சண்முகம்தான். சினிமாத் தளத்தில் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னால் போதும். மற்றதை ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் பார்த்துக்கொள்வார்கள். மேடையில் அந்தச் சலுகை இல்லை. ஒரு காட்சி ஏன் எடுபடுகிறது, எந்த இடத்தில் சபை இருமத் தொடங்குகிறது என்பதெல்லாம் அன்றன்றைக்கே முகத்துக்கு நேராகத் தெரிந்துவிடும். திரைக்கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய பாடம் அதுதான்.

அடுத்தது நடனம். பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்ட கமல், முறையாகப் பரதம் பயின்று, பிறகு நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1970-ல் வந்த 'மாணவன்' படத்தில் குட்டி பத்மினியோடு ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகிற இளைஞனாக அவரைப் பார்க்கலாம்; அங்கே ஆடும் இருவருமே முன்னாள் குழந்தை நட்சத்திரங்கள் என்பது கவனிக்கத்தக்கது. தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி' (1971) படத்திலும் அவர் உதவியாளராகப் பணியாற்றினார். நடன உதவியாளர் வேலையை வெறும் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாட்டை எத்தனை ஷாட்டாகப் பிரிப்பது, எந்த வரியில் கேமரா நகர வேண்டும், முந்தைய ஷாட்டில் கதாநாயகியின் கை எங்கே இருந்தது, இந்தத் துண்டு அடுத்த துண்டோடு எப்படி ஒட்டும் என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டின் தாளத்துக்குள் கணக்கிட வேண்டிய வேலை அது. ஒரு திரைப்படத்தில் ஏற்கெனவே தொகுத்து முடித்ததுபோலத் திட்டமிட்டு எடுக்கப்படும் பகுதி பாட்டுதான். நடன இயக்குநரின் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று வருடம் இதைப் பார்த்தவனுக்குப் படத்தொகுப்பு தனியாகக் கற்க வேண்டிய கலையாக இருக்காது. கமலின் பிற்காலப் படங்களில் சண்டைக் காட்சிகள்கூட அடியும் நிறுத்தமுமாக ஆட்டக் கணக்கில் அமைந்திருப்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்பது என் ஊகம்.

இந்தக் காலத்தில்தான் இயக்குநர் ஆர்.சி. சக்தியின் நட்பும் கிடைத்தது. சக்தியின் முதல் படமான 'உணர்ச்சிகள்' எழுபதுகளின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டுத் தணிக்கைச் சிக்கலால் 1976-ல்தான் வெளிவந்தது. நடிப்பதோடு நிற்காமல் கதை விவாதத்திலும் உட்கார்ந்த இளைஞனாக அங்கே கமல் இருந்தார். அந்த வயதில் அவர் விரும்பியது தொழில்நுட்பக் கலைஞனாக, இயக்குநராக ஆவதைத்தான் என்றும், நடிகனாக இரு என்று வற்புறுத்தியவர் கே. பாலசந்தர் என்றும் அவரே பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே 'நடிகர் இயக்குநராக மாறினார்' என்ற வழக்கமான வாக்கியம் இவரைப் பொறுத்தவரை ஓரளவு தலைகீழானது. இயக்குநராக விரும்பிய இளைஞன் இருபது வருடத்துக்கும் மேலாக நடிகனாக இருக்க நேர்ந்தது என்று சொல்வதே பொருந்தும்.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பத்து வருட இடைவெளி ஒரு பையனுக்குத்தான் கிடைத்தது. சிறுமிகளுக்கு அது கிடைக்கவில்லை. 1963-ல் பிறந்து, குழந்தை நட்சத்திரமாகப் பெயர் வாங்கிய ஸ்ரீதேவி, 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது பதின்மூன்று வயதில் கதாநாயகியாகிவிட்டார்; அதே படத்தில் கமலுக்கு வயது 21. பையனின் குரல் உடைந்து மீசை முளைக்கும்வரை காத்திருந்த சினிமா, பெண்ணைப் பாவாடையிலிருந்து நேராகப் புடவைக்கு மாற்றியது. வேலையில்லாமல் சும்மா இருந்து, பிறர் வேலையை வேடிக்கை பார்த்து, உதவியாளனாகத் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளும் அந்த நடுப்பருவமே அவர்களுக்கு இல்லை. குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிய நடிகைகளில் இயக்குநர்கள் ஏன் அரிது என்று கேட்பவர்கள் திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

1973-ல் 'அரங்கேற்றம்' படத்தில் பாலசந்தர் சிறிய வேடம் ஒன்றைத் தந்தார். அவரிடம் கமலை அறிமுகப்படுத்தியவர் 'களத்தூர் கண்ணம்மா'வின் தந்தை ஜெமினி கணேசன். அடுத்த வருடம் மலையாளத்தில் 'கன்னியாகுமாரி'யில் கதாநாயகனாக நடிக்க வைத்தவர், பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரைக் குழந்தையாக இயக்கிய அதே சேதுமாதவன். குழந்தை நட்சத்திரமாக இருந்ததால் கமலுக்குக் கிடைத்த உண்மையான நன்மை இதுதான்: தொழில் கைக்கு வந்துவிடவில்லை, ஆனால் தொழிலில் பெரியவர்களாக இருந்தவர்களுக்கு முகமும் பெயரும் நினைவில் இருந்தது. கதவு தட்டினால் திறக்க ஆள் இருந்தது.

பாலசந்தரின் பட்டறையில் அவருக்கு வாய்த்த இன்னொருவர் அனந்து. பாலசந்தரின் கதை இலாகாவில் இருந்த இவரைத் தம்முடைய ஆசான்களில் ஒருவராகக் கமல் எப்போதும் குறிப்பிடுவார். உலக சினிமாவையும் இலக்கியத்தையும் அறிமுகப்படுத்தியவர் என்ற அளவில் அனந்துவின் பங்கு பெரியது. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) எழுத்திலும் அனந்து இருந்தார். அதில் கமல் ஏற்ற பாத்திரம், பெண்களைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் இளைஞன். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆசையைக் கேமராவுக்கு முன்னால் நடித்துத் தீர்த்துக்கொண்ட காலம் அது.

ஆசை செயலாக மாறியது 1981-ல். நூறாவது படமாக 'ராஜ பார்வை'யைத் தம் குடும்ப நிறுவனத்தின் மூலமாகவே கமல் தயாரித்தார். ஹாசன் பிரதர்ஸ் என்று தொடங்கிய அந்த நிறுவனம்தான் பின்னாளில் ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனல் ஆயிற்று. நூறாவது படம் என்றால் ரசிகர்கள் எதிர்பார்ப்பது சண்டையும் கொண்டாட்டமும். இவர் தந்தது பார்வையற்ற வயலின் கலைஞனின் கதை. இயக்குநராக சிங்கீதம் சீனிவாச ராவ், எழுத்தில் அனந்துவும் கமலும், கதாநாயகியின் தாத்தாவாக மூத்த இயக்குநர் எல்.வி. பிரசாத். படம் பாராட்டுப் பெற்றது, பணம் பெறவில்லை. அந்த நட்டத்தை அடைக்க வருடக்கணக்கில் வழக்கமான வணிகப் படங்களில் நடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தத் தோல்வியை வெறும் பண இழப்பாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய படங்களைப் பாருங்கள்: சோதனை இருக்கிறது, ஆனால் அது ஒரு பொழுதுபோக்குக் கதையின் வயிற்றுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதே சிங்கீதத்தோடு 1989-ல் செய்த 'அபூர்வ சகோதரர்கள்' சாதாரணமான இரட்டைப் பிள்ளைப் பழிவாங்கும் கதைதான். அதற்குள் குள்ளமான அப்பு என்ற பாத்திரத்தை நம்ப வைப்பதற்காகக் காலை மடித்துக் கட்டி, கேமராக் கோணத்தையும் தளத்தின் உயரத்தையும் அதற்கேற்ப மாற்றி அமைத்த உழைப்பு இருக்கிறது. 'தேவர் மகன்' (1992) ஊர்ப்பகைக் கதை. அதைத் திரைக்கதை எழுதுவதற்கான கணினி மென்பொருளைப் பயன்படுத்தி எழுதி, பரதனை இயக்குநராகவும் பி.சி. ஸ்ரீராமை ஒளிப்பதிவாளராகவும் கொண்டு தயாரித்தார். அந்தப் படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. 'பார்த்தால் பசி தீரும்' படத்தில் சிறுவனாகச் சிவாஜி கணேசனுடன் நடித்தவர், முப்பது வருடம் கழித்து அவருக்கு மகனாக நடித்ததோடு அவர் பேச வேண்டிய வசனத்தையும் தாமே எழுதினார் என்பதில் ஒரு வட்டம் பூர்த்தியாகிறது. 'மகாநதி' (1994) எழுத்தும் அவருடையதே. இயக்கம் சந்தான பாரதி.

இயக்குநர் என்று வேறொருவர் பெயர் இருக்க, படத்தின் மூளையாகக் கமல் இருந்த இந்தக் காலத்தைப் பற்றி ஒரு வாதம் உண்டு: எல்லாப் படத்தையும் உண்மையில் இயக்கியது அவர்தான் என்பார்கள். இதை அப்படியே ஏற்பது பரதன், சிங்கீதம் போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். 'தேவர் மகன்' படத்தின் நிதானமும் காட்சியழகும் பரதனின் மலையாளப் படங்களை அறிந்தவர்களுக்கு அந்நியமானவை அல்ல. எழுத்து ஒருவருடையது, இயக்கம் இன்னொருவருடையது என்ற வேலைப் பிரிவினை தமிழில் அரிதாகிவிட்டதால் நமக்கு அது சந்தேகமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இயக்குநராக அவர் பெயர் முதலில் திரையில் வந்தது 1997-ல், 43-ஆம் வயதில், அதுவும் இந்திப் படம் ஒன்றில். அந்தக் கதை நாடகக் குழுவிலிருந்து தொடங்குகிறது. 1996-ல் வெளிவந்த 'ஒளவை சண்முகி'யில், பிரிந்த மனைவியிடம் வளரும் மகளைப் பார்ப்பதற்காக ஒரு நடன உதவியாளன் வயதான மாமியாக வேடம் போட்டு அந்த வீட்டுக்கே வேலைக்குப் போகிறான். கே.எஸ். ரவிகுமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம். தலைப்பு, ஒளவையாக வேடமிட்ட டி.கே. சண்முகத்துக்குச் செய்த வணக்கம். கதாநாயகனின் தொழிலோ கமல் ஒருகாலத்தில் செய்த தொழில். மாமியின் மேல் காதல் கொண்டு உருகும் மாமனாராக வருபவர் ஜெமினி கணேசன்! 36 வருடத்துக்கு முன் 'அப்பாவும் நீயே' என்று தேடிய அதே மனிதர், இப்போது மடிசார் கட்டிய அந்த மகனிடமே மயங்குகிறார். தமிழ் ரசிகர் சிரித்த சிரிப்பில் இந்த நினைவுக்கும் பங்கு உண்டு. படத்தை இந்தியில் 'சாச்சி 420' என்று எடுத்தபோது முதலில் வேறொருவர் இயக்கத் தொடங்கி, எடுத்த வரை திருப்தி தராமல் போகவே, கமலே பொறுப்பேற்றார். திட்டமிட்டு நல்ல நாள் பார்த்துத் தொடங்கிய இயக்குநர் வாழ்க்கை அல்ல அது. வீட்டில் சமையற்காரர் வராததால் கரண்டியைக் கையில் எடுத்தது போலத்தான். அதில் அவருக்கு மகளாக நடித்த சிறுமி பாத்திமா சனா ஷேக், பின்னாளில் இந்தியில் கதாநாயகியானார்.

அதற்குப் பிறகு 'ஹே ராம்' (2000), 'விருமாண்டி' (2004), 'விஸ்வரூபம்' (2013), அதன் இரண்டாம் பாகம் (2018). அறுபது வருடத்துக்கு மேலான திரை வாழ்க்கையில் இயக்கியவை ஐந்தே கதைகள். விஸ்வரூபத்தைப் பற்றிப் பேசினால் படத்தைவிட வெளியீட்டுச் சர்ச்சையைத்தான் பேச வேண்டியிருக்கும், விட்டுவிடுகிறேன். 1997-ல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் தொடங்கிய 'மருதநாயகம்' நின்றுபோன கதையும் எல்லோருக்கும் தெரியும்.

'ஹே ராம்' உருவான விதத்தில் ஒரு செய்தி மட்டும் நம் கேள்விக்குத் தேவை. வேறொரு இசையமைப்பாளரின் பாடல்களுக்கு வாயசைத்துப் படமாக்கி முடித்த பிறகு அவர் விலக, இளையராஜா வந்தார். மறுபடியும் படமெடுப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே பதிவான உதட்டசைவுக்கும் காட்சிக்கும் பொருந்தும்படி முற்றிலும் புதிய பாடல்களை அவர் அமைத்தார். இந்தச் சாதனை இளையராஜாவினுடையது. ஆனால் அப்படி ஒன்று சாத்தியம் என்று நம்பி ஒரு தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வதற்கு, பாட்டுக்கும் படத்துக்கும் உள்ள கணக்கு அவருக்கு அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். தங்கப்பன் மாஸ்டரின் உதவியாளருக்கு அது இருந்தது.

'விருமாண்டி'யை அவருடைய இயக்கத்தில் மிகச் சிறந்ததாக நான் மதிக்கிறேன். சிறைக்குள் ஆவணப்படம் எடுக்க வரும் பெண்ணிடம் ஒரே நிகழ்ச்சியைக் கொத்தாளத் தேவர் ஒருவிதமாகவும் விருமாண்டி வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணாக நடித்த ரோகிணியும் தெலுங்கில் குழந்தை நடிகையாகத் தொடங்கியவர். படத்தின் பெரிய துணிச்சல் இரட்டைக் கதைசொல்லலில் மட்டும் இல்லை. தென்மாவட்டக் கிராமத்து வழக்கில், ஜல்லிக்கட்டுக் கூட்டமும் சந்தை இரைச்சலுமாக நடக்கும் கதையை நேரடி ஒலிப்பதிவில் எடுத்தார். படப்பிடிப்பை முடித்துவிட்டுக் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து உதட்டுக்கு வசனம் ஒட்டுவதே அன்று தமிழ்ப்படங்களில் பழக்கமாக இருந்தது. அந்த இடத்தில், அந்த மூச்சில் வந்த குரலே படத்தில் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கொத்தாளத் தேவராக நடித்த பசுபதியின் குரலில் இருக்கும் கரகரப்பு அதனால்தான் நம்மைச் சுடுகிறது.

இது புதுமை என்று அன்று எழுதினார்கள். ஆனால் 1960-ல் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ தளங்களில் வசனம் பெரும்பாலும் அப்படித்தான் பதிவாயிற்று: மின்விசிறிகளை நிறுத்துவார்கள், கதவுகளைச் சாத்துவார்கள், 'சைலன்ஸ்' என்று ஒரு குரல் எழும், வெக்கையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாட்டுக்கு ராஜேஸ்வரி குரல் கொடுத்தார்; வசனத்துக்கு அந்த அமைதியின் நடுவே வாய் திறக்க வேண்டியிருந்தது ஐந்து வயதுப் பையன்.